நாலு பேர், 1,800 சிங்கப்பூர் வெள்ளி, முதல் கப்பல் பயணம்: முடியுமா?

#1 கவிதா (உட்லண்ட்ஸ்)

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பல் பயணம் ஒன்று போகலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். நான், கணவர், பாலர் பள்ளியில் கே2 படிக்கும் ஆறு வயது மகன், அப்புறம் என் அம்மா. நாங்கள் யாருமே இந்த மாதிரிக் கப்பலில் போனதில்லை.

கையில் இருப்பது 1,800 வெள்ளி. ஒன்றரை வருடமாக மைலோ டப்பாவில் மாதாமாதம் எடுத்து வைத்தது. இதற்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கிடையாது. கடன் அட்டையில் போட்டுவிட்டு அப்புறம் கட்டலாம் என்று நினைக்கிறவர்கள் இல்லை நாங்கள்.

இது அம்மாவுக்காகப் போகும் பயணம். 1979ல் கல்யாணம் ஆகி, நாகப்பட்டினத்திலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பலில்தான் அம்மா இங்கே வந்தார். கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கை, சன்னல் கிடையாது. ஆறு நாளும் வாந்தி. கப்பல் பினாங்கில் நின்றபோது எல்லாரும் மேலே போய் வேடிக்கை பார்த்தார்கள், தன்னால் தலையைத் தூக்க முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் பினாங்கை அவர் பார்த்ததில்லை. போன மாதம் மரினா பே பக்கம் பெரிய கப்பல் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இதில் மேலே நின்றுகொண்டு போகலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

தெரிய வேண்டியவை: நாலு பேருக்கு இந்தக் காசு போதுமா? சன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு என்கிறார்கள், அம்மாவுக்கு அது சரிப்படுமா? டிப்ஸ் கட்டாயமா? அம்மாவுக்குக் காலையில் கஞ்சி வேண்டும், சின்ன அரிசிக் குக்கர் எடுத்துப் போகலாமா?

#2 செல்வம் (பெடோக்)

முடியும், கவிதா. நாலு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட வசதியான காசோடு போகவில்லை.

முதலில் விலையைப் பிரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது ஒரு ஆளுக்கான விலை, அதுவும் ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினால். அதன் மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் வரும். அப்புறம் டிப்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலருக்குக் கொஞ்சம் மேலே. பையனுக்கும் உண்டு. மூன்றையும் கூட்டினால் வருவதுதான் உண்மையான விலை. பணம் கட்டும் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் போய்ப் பார்க்காமல் மலிவு, விலை அதிகம் என்று எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உங்களுக்குச் சாதகமான விஷயம், ஒரே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் நன்றாகக் குறையும். அதனால் இரண்டு அறை எடுக்காதீர்கள். நாலு பேர் படுக்கும் அறை எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை மட்டும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, பையன் கே2 என்றீர்கள். அடுத்த வருடம் தொடக்கநிலை ஒன்று போய்விட்டால் மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி விடுமுறைகளில்தான் போக முடியும். அதே அறை அப்போது என்ன விலை என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள், நெஞ்சு அடைத்துவிடும். பள்ளி நடக்கும் காலத்தில், வாரநாளில் கிளம்பும் பயணத்தைப் பிடியுங்கள். இந்த வருடமே போய்விடுங்கள்.

#3 மீனாட்சி (சென்னை)

நான் செல்வம் சாரோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 2023ல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட ஆரம்பித்தபோது நானும் என் தங்கையும் போனோம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. உள் அறைதான் எடுத்தோம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்றே தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்தோம். எனக்கு அது பழகிவிட்டது, தங்கைக்கு முதல் இரவு மூச்சு முட்டியது.

உங்கள் அம்மா சன்னல் இல்லாத தளத்தில் ஆறு நாள் கிடந்து வந்தவர். அதே மாதிரி இருட்டில் மறுபடி படுக்க வைக்காதீர்கள். இன்னும் ஆறு மாதம் பொறுத்துக் காசு சேர்த்து, சன்னல் அறையாவது எடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் மனதில் பட்டது.

#4 முத்துநகர் மாலுமி

தூத்துக்குடிக்காரன். பயணிகள் கப்பலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், பாதி அறை சுத்தம் செய்யும் பிரிவில், பாதி சாப்பாட்டுக் கூடத்தில். இப்போது ஊரில் இருக்கிறேன். மீனாட்சி அக்கா சொன்னது நியாயமான கவலை. ஆனால் வழி இருக்கிறது.

ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் உள் அறைகளில் தரையிலிருந்து மேல் வரை ஒரு திரை இருக்கும். கப்பலுக்கு வெளியே வைத்த கேமராவிலிருந்து அந்த நிமிடத்துக் கடலையே அதில் காட்டுவார்கள், சத்தத்தோடு. விடிந்தால் திரையும் விடியும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். அந்த வகைக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஓடும் பருவத்தில் பிடித்தீர்கள் என்றால் உள் அறைக் காசிலேயே அம்மாவுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

அறை எண்ணை நாமே தேர்ந்தெடுக்காமல் கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் வகை கொஞ்சம் மலிவு. உங்களுக்கு அது வேண்டாம். சீசா பலகையில் உட்காரும் முனையையும் நடுவில் இருக்கும் அச்சையும் நினைத்துப் பாருங்கள், கப்பலும் அப்படித்தான். முனையிலும் பின்புறத்திலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. மேலே போகப்போக ஆட்டம் கூடும். நடுப்பகுதி, கீழ்த்தளம், லிஃப்டுக்குப் பக்கம் என்று கேட்டு எடுங்கள். மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் உள்ள கடல், வங்காள விரிகுடா மாதிரி அலை கிடையாது. அதுவும் நிலைப்படுத்தும் துடுப்பு உள்ள பெரிய கப்பல். அம்மா பயப்பட வேண்டாம்.

குக்கர் கூடவே கூடாது. கெட்டில், இஸ்திரிப்பெட்டி, சூடாகும் எந்தச் சாதனமும் கூடாது. ஏறும் இடத்தில் ஊடுகதிரில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். கடலில் எங்களுக்கு இருந்த ஒரே பெரிய பயம் தீ. உங்கள் அம்மா வந்த சிதம்பரம் கப்பல் 1985ல் தீப்பிடித்ததோடுதானே அந்தச் சேவையே நின்றது. இது அவருக்கே தெரிந்திருக்கும்.

கஞ்சிக்குக் கவலை வேண்டாம். ஆசியப் பயணிகள் ஏறும் கப்பலில் காலை பஃபேயில் அரிசிக் கஞ்சி இருக்கும். இன்னொரு விஷயம், கட்டணத்தில் சேர்ந்த பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் முதல் இரவே தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குச் சாதம், பருப்பு, ஒரு காய் வேண்டும்" என்று சொல்லுங்கள். மறுநாளிலிருந்து வரும். மெனுவில் இருக்காது, கேட்டால் செய்வார்கள். கூச்சப்படாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

#5 பாலா (ஜூரோங்)

டிப்ஸ் விஷயத்தில் யாரும் ஒன்றைச் சொல்லவில்லை. பல கப்பல்களில் அது கட்டாயம் இல்லை. ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் ஏறக்குறைய 290 வெள்ளி. 1,800ல் அது ஆறில் ஒரு பங்கு. கஷ்டப்பட்டுச் சேர்த்த குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா? அந்தக் காசில் சன்னல் அறையே வாங்கலாம்.

#6 முத்துநகர் மாலுமி

பாலா தம்பி, எடுக்கச் சொல்லலாம் என்பது உண்மை. யாரும் காரணம் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

காலை ஆறரைக்கு நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வருவேன். பதினைந்து பதினாறு அறை. மதியம் ஓய்வு, மாலையில் மறுபடி அத்தனை அறையும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது, ஒப்பந்தம் முடியும் வரை ஏழு எட்டு மாதம் ஒரு நாள்கூட முழு விடுப்பு இல்லை. சட்டப்படி ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓய்வு உண்டு. அதில்தான் குளிப்பது, துவைப்பது, வீட்டோடு பேசுவது எல்லாம். ஊருக்கு நான் அனுப்பிய காசில் பெரும்பகுதி அந்த டிப்ஸ்தான். என் தங்கை படித்தது அதில். ஒரு பயணத்தில் பத்து அறைக்காரர்கள் எடுத்துவிட்டால் மாதக் கடைசியில் அது தெரியும்.

காசு போதவில்லை என்றால் ஒரு இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸையும் பயணக் கட்டணமாகவே நினைத்து, முன்பதிவு செய்யும்போதே கட்டிவிடுங்கள். ஏறிய பிறகு அந்தக் கணக்கு மனதில் இருக்காது.

#7 பாலா (ஜூரோங்)

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மனசு சரியில்லை. போன தடவை நான் எடுக்கச் சொன்னவன்தான். ஆனாலும் சம்பளத்தைக் கம்பெனி முழுதாகக் கொடுத்து, அதையும் சேர்த்தே விலை போட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அறையைச் சுத்தம் செய்கிறவரின் வாழ்க்கையைப் பயணியின் மனசாட்சியில் தொங்கவிடுவது சரியில்லை. அடுத்த தடவை கட்டுகிறேன்.

#8 முத்துநகர் மாலுமி

நீங்கள் சொல்வதுதான் சரி தம்பி. அப்படி வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான்.

#9 சரஸ்வதி (பினாங்கு)

எங்கள் ஊருக்கு வருகிறீர்கள் என்று பார்த்து உள்ளே வந்தேன். கவிதா, பினாங்கில் இறங்குவதற்குக் கப்பலில் விற்கும் சுற்றுலாவை வாங்கவே வேண்டாம். கப்பல் வந்து நிற்பது சுவெட்டன்ஹாம் துறை. வெளியே வந்தால் மணிக்கூண்டு, அதற்குப் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் லெபுக் பாசார், நம் ஆட்கள் மார்க்கெட் ஸ்திரீட் என்பார்கள். முழுக்கத் தமிழ்க் கடைகள். பூக்கடை, மளிகை, நகைக்கடை, புடவைக்கடை, எல்லாக் கடையிலும் பாட்டு. குயின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோவில், 1833ல் கட்டியது. மத்தியானம் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் திறப்பார்கள், அதற்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நடக்க முடியவில்லை என்றால் ஜார்ஜ் டவுனுக்குள்ளே சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது, கேட் பஸ் என்று கேளுங்கள். கையில் 150 ரிங்கிட் இருந்தால் நாலு பேரும் வயிறு நிறையப் பசியாறி, பூவும் வாங்கி, நெய்விளக்கும் போட்டுவிட்டு வரலாம். தண்ணீர்ப் போத்தலும் குடையும் மறக்காதீர்கள், மத்தியான வெயில் சுள்ளென்று அடிக்கும்.

இன்னொரு விஷயம். கிள்ளான் துறைமுகம் போகும் பயணமும் இதே விலைக்கு வரும். அங்கே இறங்கும் இடத்திலிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காருக்கே காசு கரைந்துவிடும். குறைந்த காசில் போகிறவர்களுக்கு, இறங்கிய இடத்திலேயே ஊர் இருக்கிற பினாங்குதான் நல்லது.

#10 செல்வம் (பெடோக்)

சரஸ்வதி அக்கா சொன்னது தங்கம். காசு ஒழுகும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

கப்பலில் ரொக்கம் கிடையாது. அறைச் சாவி அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறும். கையில் நோட்டுக் குறைவதைப் பார்க்காததால் செலவு செய்வது தெரியவே தெரியாது. தினமும் இரவு படுக்கும் முன் கப்பலின் செயலியில் கணக்கைப் பாருங்கள். பையனின் அட்டையில் செலவு ஏறாதபடி முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லிவிடுங்கள்.

குளிர்பானம், மது, புதிதாகப் பிழிந்த சாறு, சிறப்பு உணவகம், மசாஜ், சூதாட்டக்கூடம் எல்லாம் தனிக் காசு, பானத்துக்கு மேலே 18 விழுக்காடு வேறு சேரும். தண்ணீர், சாதாரணத் தேநீர், காப்பி இலவசம். ஆளுக்கு ஒரு போத்தல் எடுத்துப் போங்கள். படக்காரர்கள் அங்கங்கே நிறுத்திப் படம் எடுப்பார்கள், நின்றால் காசில்லை, வாங்கினால்தான் காசு.

என் முதல் பயணத்தில் என்னை அடித்தது தொலைபேசி. விமான முறையில் போடாமல் தூங்கிவிட்டேன். கரையை விட்டு விலகியதும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்த பில்லில் 140 வெள்ளி அதற்கு மட்டும். ஏறியதும் விமான முறை, அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். வைஃபையும் வாங்காதீர்கள். மூன்று நாள் கைப்பேசி இல்லாமல் இருந்ததுதான் எனக்கு அந்தப் பயணத்திலேயே பெரிய சுகம்.

இலவசமாக இருப்பது எவ்வளவு என்று ஏறிய பிறகுதான் தெரியும். இரவு அரங்க நிகழ்ச்சி, நீச்சல் குளம், வெந்நீர்த் தொட்டி, பாறை ஏறும் சுவர், பையனுக்குக் குழந்தைகள் மன்றம், நாள் முழுக்கச் சாப்பாடு. இதையே மூன்று நாளில் முடிக்க முடியாது.

#11 மீனாட்சி (சென்னை)

அந்தத் திரை விஷயம் எனக்குத் தெரியாது, மாலுமி அண்ணன் சொன்ன பிறகு என் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதைப் படித்ததும் எனக்கே சிங்கப்பூர் வந்து ஏற ஆசை வந்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு என்ன பார்க்க வேண்டும்?

#12 செல்வம் (பெடோக்)

சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். கப்பல் கிளம்பினால் நீங்கள் நாட்டை விட்டு வெளியே போன கணக்கு, திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்குத் தந்திருக்கிறது, நீங்கள் போகும் தேதிக்கும் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும் அன்றைக்கே விமானத்தில் வந்து இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. முதல் நாளே வந்து தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு இரவு தங்குங்கள்.

#13 கவிதா (உட்லண்ட்ஸ்)

எல்லாருக்கும் நன்றி. பதிவு செய்துவிட்டோம்! செவ்வாய்க்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்பும் பயணம். நாலு பேருக்கு ஒரே உள் அறை, திரை உள்ளது. வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,312 வெள்ளி. டிப்ஸ் 286ஐயும் இப்போதே கட்டிவிட்டோம். பயணக் காப்புறுதி 58. மீதி 144 வெள்ளி கையில். பாலா, உங்கள் கணக்கையும் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அம்மா இருபது வருடம் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்தவர். "அதைக் கட்டாமல் நான் ஏற மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

#14 கவிதா (உட்லண்ட்ஸ்)

போய் வந்துவிட்டோம். இரண்டு வாரம் ஆகிறது, எழுத உட்காரும் ஒவ்வொரு தடவையும் அம்மா பக்கத்தில் வந்து அதைச் சொன்னாயா இதைச் சொன்னாயா என்கிறார்.

உட்லண்ட்ஸிலிருந்து மரினா சவுத் பியர் வரை ஒரே ரயில், மாறவே வேண்டாம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கப்பல் முனையம். பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள், அறைக்கு வர மாலை ஆறு மணி ஆனது. மாற்றுடை, அம்மாவின் மருந்து, பையனின் நீச்சலுடை மூன்றையும் கைப்பையில் வைத்தது நல்லதாகப் போயிற்று, அவன் இரண்டு மணிக்கே குளத்தில் இறங்கிவிட்டான். கணவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, அதனால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை முன்பே நிரப்பியிருந்தோம், அதற்குக் காசில்லை.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். காணொளி பார்த்துவிட்டு, நமக்கென்று சொன்ன இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும், பலர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். அம்மா போகவில்லை. அங்கே நின்ற பணியாளரிடம் உயிர்காப்புச் சட்டையை எப்படிப் போடுவது என்று காட்டச் சொல்லி, தானே ஒரு தடவை போட்டு, வாரை இழுத்துப் பார்த்து, பையனுக்கும் போட வைத்தார். வெளியே தொங்கும் உயிர்காப்புப் படகுகளை எண்ணினார். அதற்கு அப்புறம் அவர் முகமே தெளிந்துவிட்டது. அந்த நேரத்தைச் செலவழித்திருக்காவிட்டால் மூன்று நாளும் மனதில் ஒரு மூலையில் அந்தப் பயம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அறை சின்னது. கீழே பெரிய படுக்கையில் அம்மாவும் பையனும், மேலே சுவரிலிருந்து இறக்கும் படுக்கைகளில் நானும் அவரும். நாலு பேரும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது, ஒருவர் உடை மாற்றும்போது மற்றவர்கள் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். ஆனால் தூங்கத் தவிர அங்கே யார் இருந்தார்கள்? மீனாட்சி அக்கா, அந்தத் திரையை அம்மா மூன்று இரவும் அணைக்கவிடவில்லை. வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே தூங்கினார். விடியற்காலை ஐந்தரைக்குத் திரை சாம்பல் நிறமாகத் தெளிய ஆரம்பித்தபோது என்னைத் தட்டி எழுப்பி, "மேலே போகலாம் வா" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி மாலுமி அண்ணன் சொன்னபடியே நடந்தது. முதல் இரவு தலைமைப் பரிசாரகரிடம் சொன்னோம். மறுநாள் சாதம், கெட்டியான பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் என்று அம்மாவுக்குத் தனியாகக் கொண்டுவந்து வைத்தார். உப்பு கொஞ்சம் குறைவு, வேறு குறை இல்லை. காலையில் பஃபேயில் கஞ்சி, பக்கத்தில் வறுத்த நெத்திலி. இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

பஃபேயில் தேநீர் வைத்திருக்கும் இடத்தில் எலுமிச்சைத் துண்டுகள் இருக்கும். முதல் நாள் அம்மா அதில் இரண்டை எடுத்துத் தாளில் மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். 1979ல் அடுத்த படுக்கையில் இருந்த ஒரு அம்மாள்தான் இவருக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, மோந்துகொண்டே இரு என்றாராம். ஆறு நாளும் அதைக் கையிலேயே வைத்திருந்தாராம், இறங்கும்போது காய்ந்து கறுத்துப் போயிருந்ததாம். பேர் கேட்காமலே இறங்கிவிட்டேன் என்று சொன்னார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

இந்தத் தடவை எலுமிச்சை தேவைப்படவில்லை. கடல் தரை மாதிரி இருந்தது. இரண்டாம் இரவு லேசாக ஆடியது, அதுவும் படுத்திருந்தால்தான் தெரியும்.

பினாங்கில் மதியம் நின்றது. வெயில் தாழட்டும் என்று மூன்றரைக்கு இறங்கினோம். சரஸ்வதி அக்கா, நீங்கள் சொன்ன வழியிலேயே நடந்தோம். மணிக்கூண்டைத் தாண்டியதும் அம்மா நின்று திரும்பிக் கப்பலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. லெபுக் பாசாரில் திருப்பத்திலேயே மல்லிகை வாசனை வந்துவிட்டது. கோவிலில் கூட்டம் இல்லை. அம்மா அர்ச்சனைச் சீட்டில் எங்கள் பெயரோடு, "கூட வந்த எல்லாருக்கும்" என்று குருக்களிடம் சொல்லச் சொன்னார். அப்புறம் ஒரு கடையில் தோசை, வடை, தே தாரிக், பையனுக்குச் செண்டோல். பூ, நெய்விளக்கு, பக்கத்து வீட்டுக்கு முறுக்கு, போகவர இலவசப் பேருந்து. மொத்தம் 130 ரிங்கிட்தான், நம் காசுக்கு 41 வெள்ளி. எட்டரைக்கெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.

அன்றைக்கு இரவு கப்பல் பினாங்கை விட்டுக் கிளம்பியபோது மேல்தளத்தில் நின்றோம். காற்றில் அம்மாவின் முந்தானை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. "மேலே இருந்து பார்த்தவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்" என்றார். பையன் குளிர்கிறது என்று சொல்லும் வரை அங்கேயே நின்றோம்.

பணம் கொடுத்து வாங்கிய ஒரே பொருள் ஒரு புகைப்படம். படிக்கட்டில் நாலு பேரும் நிற்பது, 26 வெள்ளி. வேண்டாம் என்றுதான் இருந்தோம், அம்மா அந்தப் படத்தின் முன்னால் இரண்டு தடவை போய் நின்றார். வாங்கிவிட்டோம்.

ரயில் செலவு 11 சேர்த்து மொத்தம் 1,734 வெள்ளி.

#15 முத்துநகர் மாலுமி

அக்கா, அந்த எலுமிச்சை விஷயத்தை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் தாத்தாவும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போனவர்தான். டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனதாகச் சொல்வார். அறை சுத்தம் செய்தவர் எந்த ஊர்?

#16 கவிதா (உட்லண்ட்ஸ்)

பிலிப்பீன்ஸ்காரர், அண்ணே. பையனுக்காகத் துண்டை மடித்துக் குரங்கு, யானை எல்லாம் செய்து வைப்பார். கடைசி நாள் அம்மா அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லி, பினாங்கில் வாங்கிய முறுக்கில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

#17 சரஸ்வதி (பினாங்கு)

அடுத்த தடவை சொல்லிவிட்டு வாருங்கள், துறைக்கே வந்து கூட்டிப்போகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

#18 மீனாட்சி (சென்னை)

கவிதா, நானும் தங்கையும் முடிவு செய்துவிட்டோம். எந்தத் தளத்தில் அறை எடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மீதிக் காசை என்ன செய்தீர்கள்?

#19 கவிதா (உட்லண்ட்ஸ்)

எட்டாம் தளம் அக்கா, நடுப்பகுதி, லிஃப்டுக்குப் பக்கத்தில். நீங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அறை கிடைப்பது சுலபம், ஆனால் மூன்றாவது ஆள் தள்ளுபடி உங்களுக்கு வராது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். நீங்களே இழுத்துக்கொண்டு இறங்கினால் சீக்கிரம் வெளியே வரலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மீதி 66 வெள்ளி மறுபடி மைலோ டப்பாவுக்கே போய்விட்டது. நேற்றுத் திறந்து பார்த்தேன், 86 இருந்தது.